கூடாரமும் கட்டிலும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ல சாமி எங்கன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல, தூரத்துலயே கோபுரம் தெரியும். எங்கள மாதிரி வேதக்காரங்களுக்கு?

1854-ல இந்தப் பக்கம் ஊழியம் ஆரம்பிச்ச ராக்லாந்து ஐயர் கூடாரத்துல தங்கி ஊர் ஊராப் போனவர். 1858-ல சிவகாசியில இறந்தார். யோவான் 1:14-ல "வாசம்பண்ணினார்"னு நாம வாசிக்கிற கிரேக்கச் சொல்லுக்கும் கூடாரம் போட்டார்னுதான் அர்த்தம்.

தேவனோட ஆலயம் நீங்கதான்னு பவுல் கொரிந்து சபைக்கு எழுதுறார். அந்த "நீங்க" மரியாதைக்குச் சொன்னதில்ல, பன்மை. கூடி வர்ற சபையத்தான் அங்க சொல்றார்னு எனக்குப் படுது.

போன நடவு சமயம் அம்மா படுத்த படுக்கை. ராஜபாளையம் கோயிலுக்கு ஆராதனைக்குப் போக முடியலைன்னு ஒரே ஏக்கம். எங்க வயல்ல நாத்து நட வந்திருந்த சபைப் பொம்பளைங்க நாலு பேர், மதியம் கட்டிலச் சுத்தி உக்காந்து ஜெபிச்சாங்க. கால்ல சேறுகூடக் காயல. அவங்க போனதும் அம்மா கேட்டாங்க, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாப்பா?"

புதன்கிழமை.