காரும் யானையும்

முதல் கார் முதல் குழந்தை மாதிரி என்று என் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்லுவார். எனக்கு அந்த உபமானம் சரியாகப் படவில்லை. முதல் குழந்தையை யாரும் செகண்ட் ஹாண்டாக வாங்குவதில்லை. "இதற்கு முன்னால் ஒரு பல் டாக்டர் வைத்திருந்தார், மிகவும் மென்மையாக உபயோகித்தார்" என்று யாரும் சிபாரிசு செய்வதும் இல்லை.

என் முதல் கார் அப்படித்தான் வந்தது. 1979-ம் வருஷம் பெங்களூரில் ஒரு பல் டாக்டரிடம் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிர் நீல நிறம். இரண்டே கதவு. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூர் வழியாகச் சானமாவுக்கு அதை நான் ஓட்டிக்கொண்டு வந்தபோது, ஊரில் பாதிப் பேர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். என்னைப் பார்க்க அல்ல.

புதுக் காராக வாங்கக் கூடாதா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த நாளில் புதுக் கார் என்பது பணம் மட்டும் இருந்தால் கிடைத்துவிடும் சரக்கு அல்ல. அம்பாஸடர், பியட், ஹெரால்டு என்று நாட்டில் மூன்றே ஜாதி. பெயரைப் பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. எத்தனை கார் செய்யலாம் என்பதைத் தொழிற்சாலைக்காரர் தீர்மானிக்கவில்லை, டில்லி தீர்மானித்தது. இதற்குத்தான் 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று ராஜாஜி பெயர் வைத்தார். 1878-ல் அவர் பிறந்த தொரப்பள்ளி எங்கள் பக்கத்து ஊர்தான். 1959-ல் சுதந்திராக் கட்சி தோன்றியதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்லுகிறார்கள். காருக்குக் காத்திருந்தவர்களின் பெருமூச்சையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஹெரால்டு நம் ராஜதானியிலேயே பிறந்த கார். 1948-ல் சென்னையில் ஸ்தாபிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1961-லிருந்து அதைச் செய்து வந்தது. உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. அதை நம் சென்னைக்காரர்கள்தான் பிற்பாடு செய்தார்கள். என்னுடையது அதற்கு முந்திய வம்சம். பின் ஸீட்டுக்குப் போகிறவர்கள் முன் ஸீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கி, உள்ளே புக வேண்டும். ஸ்தூல சரீரம் படைத்த என் பெரியப்பா ஒரே ஒரு தடவை புகுந்தார். வெளியே வருவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. அதற்கப்புறம் பஸ்ஸே உத்தமம் என்றுவிட்டார்.

ஆனால் அந்த வண்டிக்கு இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, அதன் பானெட். மற்றக் கார்களில் மூடி மட்டும் திறக்கும். இதில் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறந்துகொள்ளும். என்ஜின் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். இரண்டாவது, அது திரும்புகிற லாகவம். முன் சக்கரங்களை ஒடித்தால் இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுக்கத் திரும்பிவிடும். நம் ஊர்க் களத்து மேட்டில் செக்கு மாடு சுற்றுகிற மாதிரி நின்ற இடத்தைச் சுற்றும்.

ஓசூரில் எனக்கு வாய்த்த மெக்கானிக்கை நாங்கள் எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். எல்லைப்புறத்து மனிதர் அல்லவா? நாலு பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வண்டியைத் திட்டுவது தெலுங்கில், கொஞ்சுவது கன்னடத்தில், பையனை அதட்டுவது உருதுவில், பில் மட்டும் தமிழில். "சார், இந்த வண்டி பொம்பளைப் பிள்ளை மாதிரி. அதட்டக் கூடாது" என்பார். தம் வீட்டில் மூன்று பெண்கள் இருந்ததால் அவருக்கு அந்த விஷயம் தெரிந்திருந்தது.

1985 டிசம்பரில், மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்த வீட்டுக்காரன் கதவைத் தட்டினான். "அண்ணா, காரை எடுங்க. வலி கண்டுடுச்சு." அவன் மனைவிக்கு அது முதல் பிரசவம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம். பெண்ணை முன் ஸீட்டில் உட்காரவைத்தோம். அவனும் அவன் தாயாரும் பின்னால் புகுந்துகொண்டார்கள்.

பனி புகை மாதிரி இறங்கியிருந்தது. காட்டு ஓரத்தில் ஒரு வளைவு திரும்பியதும், விளக்கு வெளிச்சத்தில் சாலையை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஏதோ நின்றது. வைக்கோல் வண்டி கவிழ்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். வைக்கோல் வண்டி காதை ஆட்டிற்று.

ஐந்து உருப்படி. நடுவில் ஒரு குட்டி. குட்டியோடு நிற்கிற யானையைப் பற்றி எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பன்னேர்கட்டாக் காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக, ராகி முற்றுகிற காலம் பார்த்து அவை வருகின்றன. வழி அவற்றுடையது, சாலைதான் பிற்பாடு வந்தது. ஹார்ன் அடித்தால் ஆபத்து. ரிவர்ஸில் போவதென்றால், பனியில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தித் திருப்பி, முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருக்க அவகாசம் இல்லை. முன்னால் நின்ற பெரியது ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். ஒரு சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. ஒரே வட்டம், வண்டி வந்த திசையைப் பார்த்துவிட்டது. இரண்டு பர்லாங்கு வந்து, விளக்கை அணைத்து, என்ஜினையும் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு அந்த இருட்டில் கழிந்த இருபது நிமிஷத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பக்கத்தில் அந்தப் பெண் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். கிழவி ஓசூர் மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரருக்கு ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டே வந்தாள். பிறகு கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. யானைகள் சாலையை விட்டு இறங்கிவிட்டன. இறங்கினது எந்த நிலத்தில் என்பது பின்னால் இருந்தவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் குத்தகைக்கு எடுத்து ராகி போட்டிருந்த நிலம். வருஷத்துச் சாப்பாடு. கதவுக்காக முன் ஸீட்டின் மேல் பாய்ந்தான். தாயார் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடா. ராகி அடுத்த வருஷமும் விளையும்" என்றாள்.

விளக்குப் போடாமலே அந்த இடத்தைத் தாண்டினோம். இடது பக்கத்தில் அவை கதிரைக் கசக்கித் தின்கிற சத்தம் காருக்குள் நன்றாகக் கேட்டது. விடிவதற்குள் ஓசூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

பிறகு நான் வேறு கார்களும் வைத்திருந்தேன். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பான அம்பாஸடரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் அதைப் போல ஒரு வாகனம் கிடையாது, குடும்பம் முழுவதும் ஏறி இன்னும் ஒரு மாமாவுக்கு இடம் இருக்கும். அதற்கப்புறம் மாருதி 800. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த ஜாதி. நல்ல வண்டி, நாணயமான வண்டி. ஆனால் அது வந்ததும் பாயோடு எனக்குப் பேச்சே குறைந்துவிட்டது. அம்பாஸடரும் மாருதி 800-ம் ஒரே வருஷம், 2014-ல், செய்வது நின்றுபோயின.

உண்மையில் எங்கள் கிராமங்களின் வாகனம் காரே அல்ல. 1980-ல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டி.வி.எஸ். 50-தான். பால் கேன், புல்லுக்கட்டு, ரோஜாக் கூடை, மாமியார் எல்லாவற்றையும் சுமந்தது அது. அதே 1980-ல் அசோக் லேலண்டும் ஓசூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. அந்தக் கம்பெனி 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்தது என்பது இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹெரால்டை 1996 வரை வைத்திருந்தேன். ஸ்டாண்டர்டு கம்பெனியின் பெருங்களத்தூர்த் தொழிற்சாலை 1988-லேயே மூடிவிட்டது. சாமான்களுக்குப் பாய் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய இரும்புக் குவியலில் கிளறிக் கொண்டுவருவார். ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பினார். மறு தடவையும் அப்படியே. "சார், இனிமேல் இதை வைத்துக்கொண்டிருந்தால் மழையில் மக்கும். பழைய கார் சேர்க்கிற ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். அவர் ஓட்டுவார்" என்றார். அன்றைக்கு அவர் தமிழில் பேசினாலும் பில் எதுவும் நீட்டவில்லை. தரகு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

வந்தவர் இளைஞர். அடுத்த வீட்டுக் கிழவி குங்குமச் சிமிழோடு வந்து பானெட்டில் மூன்று பொட்டு வைத்தாள். பதினொரு வயதுப் பேத்தி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். எங்கள் வாசலில் புளியமரம் இருப்பதால் இடம் குறுகல். இளைஞர் எட்டிப் பார்த்துவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டார்.

"வேண்டாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடியுங்கள்" என்றேன்.

நம்பிக்கை இல்லாமல்தான் ஒடித்தார். வண்டி புளியமரத்தை ஒரே சுற்றாகச் சுற்றிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிய வாசனையோடு தெருவில் இறங்கியது.