இலவசத்துக்கு ஆகும் செலவு

மார்ச் 4, 2025, செவ்வாய்

காலையில் வியாசர்பாடி. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வீடு. மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. களப்பணியாளர் அக்கா கேள்வித்தாளை வாசிக்க, நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

“போன தடவை ஆஸ்பத்திரி போய் வந்தீங்களே, வண்டிச் செலவு எவ்ளோ ஆச்சு?”

“பஸ்ஸுதான்கா. லேடீஸுக்கு ஃப்ரீயாச்சே.”

அக்கா பூஜ்யம் போட்டார். பஸ் உடனே கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தார். “பிங்க் பஸ்ஸுக்கு நின்னா ஒரு மணி நேரம்கூட ஆவும் மேடம். நின்னாலே மூச்சு வாங்குது. ஏறி உக்காந்து ரெண்டு தடவ இருமுனா பக்கத்துல இருக்கிறவங்க எழுந்து போயிடுறாங்க. அதான் வர்றப்ப ஆட்டோ. நூத்தம்பது கேப்பான், நூத்தியிருபதுக்குப் பேசி வருவேன்.”

அக்கா பூஜ்யத்தை அடித்துவிட்டு 120 என்று எழுதினார். காத்திருந்த ஒரு மணி நேரத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதையும் நிரப்பினோம்.

அடுத்த பக்கத்தில், ‘நோய்க்காக எதையாவது அடகு வைத்தீர்களா, விற்றீர்களா’ என்ற கேள்வி. கேட்கவே வேண்டியிருக்கவில்லை. காதுத் துளை தூர்ந்துபோகாமலிருக்கத் துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார். தோடு சேட்டுக் கடையில். நூற்றுக்கு இரண்டு வட்டி.

மார்ச் 6, வியாழன்

மருத்துவத் தொண்டு நிறுவனத்தில் வேலை என்றால் சொந்தக்காரர்கள் நான் டாக்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருளாதாரம் படித்தவள் என்றதும், “ஓ, நன்கொடைக் கணக்கு எழுதுறியா” என்று முகம் சுருங்கிவிடும். கணக்குதான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பேரேட்டில் ஏறாத கணக்கு.

காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். ஆனாலும் ஒரு குடும்பம் இந்த நோயால் செய்த செலவையும் இழந்த வருமானத்தையும் கூட்டினால், அது ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டிவிடுவதுண்டு. அதை உலக சுகாதார நிறுவனம் பேரிழப்பு என்று வகைப்படுத்துகிறது. 2020-க்குள் அப்படி ஒரு குடும்பம்கூட இருக்கக் கூடாது என்பது இலக்கு. அந்த 2020 போய் ஐந்து வருடம் ஆகிறது.

இன்று எங்கள் நிறுவன டாக்டரோடு வாக்குவாதம். வியாசர்பாடிப் பெண் வேலைக்குப் போகாதவர், அதனால் ‘இழந்த வருமானம்’ கட்டத்தில் பூஜ்யம் விழுந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, வீட்டு வேலை செய்பவருக்கு அந்தப் பகுதியில் கொடுக்கும் சம்பளத்தைப் போட்டேன்.

“வராத சம்பளத்த வந்த மாதிரி எழுதுறீங்களே மேடம்?”

“அவங்களால எழுந்து சமைக்க முடியலன்னு திருவள்ளூர்ல இருந்து தங்கச்சி வந்து இருந்தாங்க டாக்டர். தையல் கம்பெனி வேலைய விட்டுட்டு. அந்தச் சம்பளம் நெஜமாவே வராமப் போச்சு. அத எந்தக் கட்டத்துல போடட்டும்?”

அவர் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்றும் அர்த்தமில்லை, ஓ.பி.க்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

நிதி தரும் அமைப்பிடமிருந்து மெயில். ஓர் உயிரைக் காப்பாற்ற நம் திட்டத்தில் எவ்வளவு செலவாகிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஒரே எண்ணாகத் தர முடியுமா? ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்த பிறகு எல்லோருடைய மெயிலும் சுருங்கிவிட்டது. ‘நலமா’ என்பதெல்லாம் போயிற்று.

மத்தியானம் எக்செல் உறைந்து நின்றுவிட்டது. டீ குடித்தேன்.

மார்ச் 12, புதன்

அந்த ஒரே எண்ணுக்காக மருந்து விலைகளைத் திரட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் பழகப் பழக, விலைப் பட்டியல் என்றாலே சந்தேகம் வந்துவிடுகிறது.

பெடாக்குயிலினையே எடுத்துக்கொள்ளலாம். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. காசநோய்க்கென்று நாற்பது வருடங்களுக்குப் பிறகு வந்த புது வகை. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதன் உப்பு வடிவத்துக்கு இந்தியாவில் இன்னொரு காப்புரிமை கேட்டது. கிடைத்திருந்தால் 2027 வரை வேறு யாரும் இங்கே தயாரித்திருக்க முடியாது. எதிர்த்து மனுப் போட்டவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயும். காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய சிகிச்சையின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. ஜூலையில் மூலக் காப்புரிமை காலாவதியானது. ஆகஸ்ட் முடிவதற்குள், உலக நாடுகளுக்காகக் காசநோய் மருந்து கொள்முதல் செய்யும் அமைப்பின் பட்டியலில் ஆறு மாத மருந்துக்கு லூபின் 194 டாலர், ஜான்சன் 130 டாலர். அதற்கு முன் ஜான்சன் வாங்கியது 270 டாலர் அளவில். அதே மாத்திரைதான். தொழிற்சாலையில் எதுவும் மாறியிருக்காது.

காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜும் அப்படித்தான். 2012-லிருந்து 9.98 டாலரிலேயே நின்றது. அதைத் தயாரிக்க 3 முதல் 5 டாலருக்குள்தான் ஆகும் என்ற மதிப்பீட்டை வைத்துக்கொண்டு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 5 டாலர் கேட்டுப் போராடியது. 2023 செப்டம்பரில் 7.97 ஆகக் குறைந்தது.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது வேறொன்று. அதே அமைப்பு முன்னின்று நடத்திய டி.பி. பிராக்டிகல் ஆய்வு, மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு ஒன்றரை இரண்டு வருடம் இழுத்த சிகிச்சையை ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்று காட்டியது. 2024-ல் அந்த ஆய்வுக்கு ஆன செலவை இனம் பிரித்து வெளியிட்டார்கள். மொத்தம் 33.9 மில்லியன் யூரோ. ஆராய்ச்சிக்கு ஏகப்பட்ட செலவாகிறது, அதனால்தான் விலை அதிகம் என்று கம்பெனிகள் சொல்வது வழக்கம். எவ்வளவு என்று கேட்டால் வியாபார ரகசியம். எங்கள் ரசீது இதோ, உங்களுடையது எங்கே என்று கேட்க இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. இதற்குப் பின்னால் எத்தனை பில்களைத் துருவித் தேடியிருப்பார்கள் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். பொறாமையாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

அடுத்த வருடத் திட்டக் கூட்டம். இருக்கிற பணத்தில் கூடுதலாகக் கார்ட்ரிட்ஜ் வாங்குவதா, நோயாளி வீடுகளுக்கு அரிசி பருப்பு கொடுப்பதா?

நான் ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வை எடுத்து வைத்தேன். 2023-ல் லான்செட் இதழ்களில் வந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் குறைவாக இருந்தது.

டாக்டர் சேத்துப்பட்டு ஆய்வைக் கையில் எடுத்தார். எதிர்பார்த்ததுதான். 1956-ல் தொடங்கிய மெட்ராஸ் ஆய்வு: 193 நோயாளிகளைப் பிரித்து ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடு போட்டார்கள், மறு பாதியை வீட்டிலேயே இருக்கச் சொல்லி மருந்து மட்டும் கொடுத்தார்கள். வீட்டில் அரை வயிற்றுக் கஞ்சிதான். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. உலகமே படுக்கையைச் சுருட்டிவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியதற்கு நம் ஊர் ஆய்வு ஒரு முக்கியக் காரணம். “மருந்து சரியாப் போனாப் போதும்னு அன்னைக்கே நிரூபிச்சாச்சு மேடம்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. மருந்து ஒழுங்காகப் போனால் சளியில் கிருமி போகுமா என்பது அவர்களுடைய கேள்வி. ஜார்க்கண்டில் கேட்டது, கூட இருக்கும் குழந்தைக்கு வருமா என்று. ஆனால் எனக்குள் ஓடியது வேறு. மருத்துவமனைப் படுக்கைக்கு அரசு கொடுத்த காசு மிச்சமானது சரி, கவனிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆன செலவு எங்கே போனது? ஓலைக் குடிசைக்குத்தான் போனது. அங்கே யாரும் பேரேடு வைத்திருக்கவில்லை. வீட்டுச் சிகிச்சை மலிவு என்று எழுபது வருடமாகச் சொல்லி வருகிறோம், அதில் பாதி மலிவை அந்த வீட்டுப் பெண்கள் சுமந்தார்கள். நானே கொள்கை வகுத்திருந்தாலும் வீட்டுச் சிகிச்சையைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். சேமித்ததில் ஒரு பங்கைக் கூடவே அனுப்பியிருக்கலாம்.

இப்போது அரசின் நிக்ஷய் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2018-ல் தொடங்கியபோது 500, சென்ற நவம்பரில் கூட்டினார்கள். நோயாளிக்கு முட்டை, பால் வாங்கவென்று தரும் பணம். அது முழு வீட்டுக்கும் அரிசியாகிவிடுகிறது என்று களப்பணியாளர் அக்கா சொன்னார். “புள்ளைங்கள ஒக்கார வச்சிட்டு அம்மா மட்டும் முட்ட சாப்டுவாளா மேடம்?” கூட்டத்தில் ஆய்வறிக்கை எதையும் மேற்கோள் காட்டாமல் பேசியவர் அவர் ஒருவர்தான். பருப்புக்கு ஓட்டு அதில்தான் விழுந்தது. கார்ட்ரிட்ஜைக் கொஞ்சம் குறைத்து, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு முதலில் மளிகை என்று முடிவானது.

மார்ச் 24, திங்கள்

உலகக் காசநோய் நாள். ராபர்ட் கோக் 1882-ல் கிருமியை அறிவித்த தேதி. பேனர், பேரணி, கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தொப்பி. தொப்பிக்கான பில் என் மேஜைக்கு வந்தது, எத்தனை கிலோ பருப்பு என்று மனம் தன்னால் வகுத்துப் பார்த்துவிட்டது. அந்தக் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை.

நிதி தருபவர்களுக்கான அறிக்கை முடிந்தது. ஆறு மாதச் சிகிச்சைக்கு மாறினால் மிச்சமாவது எவ்வளவு என்ற அட்டவணையில் இரண்டு பத்திகள்: ஒன்று அரசுக்கு, ஒன்று வீட்டுக்கு. முதல் பத்தியில் மருந்தும் படுக்கையும். இரண்டாவதில் ஆட்டோ, வட்டி, தங்கச்சியின் தையல் சம்பளம். இயக்குநர் பார்த்துவிட்டு, அவர்கள் கேட்டது முதல் பத்தியை மட்டும்தானே, இரண்டாவதைப் பின்னிணைப்பில் தள்ளிவிடலாமே என்றார்.

முதல் பத்தியைப் பின்னிணைப்பில் வைத்து, ஐந்தே முக்காலுக்கு அனுப்பினேன். நாளை கூப்பிடுவார்.