கறுப்பு இல்லாத கறுத்த முகம்

ரெட்டியார்பாளையம் வீட்டு மாடியில் ஓவியர் இளையராஜாவின் (இசைஞானி இல்லை, கும்பகோணம் பக்கத்து ஓவியர்; 2021இல் கொரோனாவில் போய்விட்டார்) ஓவியத்தில் இருக்கும் பெண் ஒருத்தியைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். ‘காப்பிதானே’ என்று இளக்காரம் பேசுகிறவர்கள் அந்தக் கன்னத்தின் நிறத்தை ஒருமுறை கலந்து பார்க்கட்டும்! கறுப்பு டியூப்பைத் தொட்டால் முகம் செத்துவிடுகிறது. பர்ன்ட் அம்பரில் துளி அல்ட்ராமரைன் சேர்த்தால் நிழல். ஜன்னல் வெளிச்சம் படுகிற கன்ன எலும்பில் காவியும் கொஞ்சம் வெள்ளையும். கண்ணைவிட மூக்கின் ஓரம்தான் படுத்துகிறது. அங்கே கோடே கிடையாது, இரண்டு நிறங்கள் உரசுகிற இடம், அவ்வளவுதான்.

பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் அனுமதி வாங்கிப் பிரதி எடுக்கிறார்கள். அளவு மட்டும் மூலப்படத்தோடு ஒத்துப்போகக் கூடாது. நியாயமான சட்டம். நானும் சின்ன கேன்வாஸில்தான் போடுகிறேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘இளையராஜாவைப் பார்த்து’ என்று எழுதிவிடுவேன்.