ஆற்றுக்கு என்ன கிரேடு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எல்லாரும் லீவுன்னா ஊட்டிக்குப் போவாங்க. இவர் எண்ணூருக்குப் போறார்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரலின் சொந்தக்காரியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். ஆபீஸ் நண்பன் எனக்கு ஒரு வியாதியைத் தொற்ற வைத்துவிட்டான். பெயர், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்கிற இங்கிலாந்துக்காரர் ஆரம்பித்த உலக வரைபடம். யார் வேண்டுமானாலும் தன் தெருவை அதில் வரையலாம், அடுத்தவர் போட்ட தப்பைத் திருத்தலாம். பைசா கிடையாது. பி.காம். படித்தவன் செய்கிற வேலையா இது?

வரைவது சுலபம். தரம் பிரிப்பதில்தான் தலைவலி. வண்டி போகிற மண்பாதைக்கு ஐந்து கிரேடு. 1 என்றால் கெட்டித்தரை, 5 என்றால் கால் பொதபொதவென்று இறங்கும். மலையேறுகிறவர்களுக்கு ஸ்விஸ் ஆல்பைன் கிளப் வகுத்த ஆறு படிகள். மலை சைக்கிளுக்கு 0 முதல் 6 வரை. 6 என்றால் ஓட்டுகிற ஆசையை விட்டுவிடலாம். எல்லாம் ஆல்ப்ஸைப் பார்த்துப் போட்ட கணக்கு. எண்ணூர்ப் பக்கம் மலை என்றால் கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறாங்கல்தான்!

விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு, தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் வழியாக முகத்துவாரக்குப்பம் போய்ச் சேர்ந்தேன். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம். எதிரே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். போனில் ஜி.பி.எஸ்ஸைப் போட்டுவிட்டு, கரையோரம் தெரிந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன்.

"இன்னா தம்பி, போனையே பாத்துனு வர்ற? வலையில கால வெச்சிடப் போற!"

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர். அறுபது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"இது இப்ப வழி. கொஞ்ச நேரம் கழிச்சி வந்து பாரு, தண்ணி."

அதற்கும் இந்த மேப்பில் இடம் இருக்கிறது, சார்! ஏற்ற நேரத்தில் மூழ்குகிற பாதை என்று தனியாகக் குறிக்கலாம். உற்சாகமாகத் தட்டினேன். கொஞ்சம் தள்ளி இரண்டு பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்து, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கே குஷியாயிட்டியே. வா, மேலாண்ட காட்றேன்."

ஃபைபர் போட்டில் கூட்டிப்போனார். ஆற்றில் மேற்கே போகப் போக ஆழம் குறைந்தது. ஓரிடத்தில் இன்ஜினைத் தூக்கிவிட்டு, "எறங்கு" என்றார். நடு ஆற்றில்! பயந்துகொண்டே இறங்கினேன். முழங்கால்கூட நனையவில்லை. காலை எடுத்துப் பார்த்தால் சிமென்ட் பூசினாற்போல் சாம்பல் நிறம். மின்நிலையச் சாம்பலை நீரில் கரைத்துக் கொண்டுபோகிற குழாய்கள் பல வருஷமாகக் கசிந்து படிந்தது.

"நான் சின்னப் புள்ளையில இங்க குதிச்சா தரை தட்டாது. இப்ப நீ ஷோக்கா நடக்கற. உன் மேப்புல இதுக்கு இன்னா மார்க்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணக்குப்படி கால் எவ்வளவு கெட்டியாக ஊன்றுகிறதோ அவ்வளவு நல்ல பாதை. இன்னும் கொஞ்சம் சாம்பல் விழுந்தால் கிரேடு 4, பிறகு 3... ஆறு சாகச் சாக என் பாதை பாஸ் பண்ணிக்கொண்டே போகும்!

வரைபடத்தால் இந்த ஊர் ஏற்கெனவே பட்டிருக்கிறது. 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய நீர்ப்பரப்பு, சுமார் 6,500 ஏக்கர். 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது இன்னொரு வரைபடம், 1997 என்று தேதி போட்டது. அதில் கழிமுகத்தையே காணோம்! வடிவேலு 'கண்ணும் கண்ணும்' படத்தில் ஒரு கிணற்றுக்குத்தான் போலீஸைக் கூப்பிட்டார். படம் வந்தது 2008-ல். அதற்குப் பதினோரு வருஷம் முன்னாலேயே இங்கே காகிதத்தில் ஆற்றைத் தொலைத்துவிட்டார்கள்.

திரும்புகிற வழியில் போனை எடுத்து, நடந்த இடத்தில் போட்ட கோட்டை அழித்தேன். முதலில் தண்ணீரின் எல்லையை, கரை வளைகிறபடியெல்லாம், பெரியவர் கை காட்டக் காட்டக் குறித்துக்கொண்டேன். குப்பத்துக் கரையோரப் பாதையை மட்டும், மூழ்கும் பாதை என்ற குறிப்போடு விட்டுவைத்தேன். ஆற்றுக்குள் நடக்கிற இடத்துக்குப் பாதை என்று பேர் வைக்க மனசு வரவில்லை.

"அந்த லேடீஸ் இறால் பிடிக்கிற இடத்தையும் போட்டுடவா, பெரியவரே?"

பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தப் போடு, வழியப் போடு. எறா எங்க கீதுன்னு மட்டும் போட்டுடாத நைனா!"