இடுப்பா, வயிறா?

ஆங்கிலம் படித்தவன் என்னும் செருக்கு எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அச்செருக்கை அடக்கியது எந்த ஆசிரியருமல்லர்; எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவர் கேட்ட ஒரே கேள்வி. வெட்கத்தோடுதான் அதனை இங்கு எழுதுகிறேன்.

ஒவ்வொரு மக்களும் தாம் உடுத்தும் உடையைக் கொண்டே வாழ்வைப் பேசுகின்றனர். குளிர்நாட்டவராகிய ஆங்கிலேயர் பேச்சில் கோட்டும் தொப்பியும் கையுறையும் மலிந்திருப்பது இயல்பே. ‘கையும் கையுறையும் போல’ என்று இருவரைச் சொன்னால், அவர்கள் மறைவாகக் கூடிச் செயல்படுகிறார்கள் என்பது பெரும்பாலும் பொருள். நாம் ‘நகமும் சதையும்’ என்போம். நம் தொடரில் அன்பு தெரிகிறது, அவர்கள் தொடரில் சூது தெரிகிறது. ‘துணியின் அளவறிந்து கோட்டு வெட்டு’ என்பது வரவறிந்து செலவு செய் என்பதாம். நம்மவர் விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பர். ‘நெஞ்சைச் சட்டைக்கையில் அணிதல்’ என்பது உள்ளத்து உணர்ச்சியை ஒளிக்காமல் காட்டுதல். 1622-இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில், வஞ்சகன் இயாகோவின் வாயில் இது வருகிறது. ‘தொப்பியைக் கையில் ஏந்தி நிற்றல்’ என்பது பணிந்து இரந்து நிற்றல். இதற்கு உரையும் வேண்டுமோ? தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற நம் முன்னோர் இதனை நன்கு அறிவர்.

இத்தொடர்களைப் பொருளறியாது சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன நேரும்? நேர்ந்ததையே சொல்கிறேன்.

நான் கிராணி வேலையில் அமர்ந்த புதிது. செம்பனை எண்ணெயின் விலை சரிந்திருந்த காலம். காலைப் பெரட்டில் மேலாளர் ஆங்கிலத்தில் சில சொற்கள் பேசினார். நாமெல்லோரும் இடுப்பு வாரை இறுக்க வேண்டும் என்று முடித்தார். உடனே நான், “எல்லோரும் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்” என்று முழங்கினேன்.

ஆங்கிலத்தில் அத்தொடருக்குச் செலவைக் குறை என்பது பொருள். உணவு குறைந்து வயிறு ஒட்டினால் வார் தளரும். அதனை இறுக்க வேண்டி வரும். தமிழிலோ இடுப்பை வரிந்து கட்டுதல், வேலையில் முனைந்து இறங்குதல். என் சொல்லை நம்பிய மக்கள் அம்மாதம் முழுவதும் இருட்டோடு எழுந்து குலை வெட்டினர். பொழுது சாய்ந்த பின்னும் உதிரிப் பழம் பொறுக்கினர்.

கூலி நாள் வந்தது. மிகைநேரக் கூலி வரவில்லை. மிகைநேர வேலையை நிறுத்தும் கருத்திலேயே அன்று தாம் பேசியதாக மேலாளர் சொன்னார். அப்போதுதான் அம்மூதாட்டி என்னிடம் வந்து, “கிராணி ஐயா, அன்றைக்கு நீங்கள் கட்டச் சொன்னது இடுப்பையா, வயிற்றையா?” என்று கேட்டார்.

நான் வாயடைத்து நின்றேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எங்களை வளர்த்ததாக என் தாய் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! அவ்வாங்கிலத் தொடருக்கு நேரான தமிழ் என் வீட்டிலேயே இருந்தது. நான்தான் தேடவில்லை.

அன்றிரவே செக்ரோலைப் பார்த்து, ஒவ்வொருவரும் உழைத்த மிகைநேரத்தைக் கணக்கெழுதினேன். மறுநாள் அதனை மேலாளர்முன் வைத்து, “பெயர்ப்பில் தவறியவன் நான், உழைத்தவர்கள் அவர்கள். தண்டனை எனக்கு இருக்கட்டும், கூலி அவர்களுக்குச் சேரட்டும்” என்றேன். அக்கூலி அடுத்த மாதம் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை. அதில் எனக்கு வருத்தமுமில்லை.

ஆங்கிலம் கற்கும் இளைஞர்களே! நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதிகாரத்துக்கும் நம் மக்களுக்கும் நடுவே நிற்கும்போது, சொல்லை மட்டும் சுமந்து வராதீர்கள்; பொருளைக் கொண்டு வாருங்கள். விளங்காவிடில், “மறுமுறை சொல்லுங்கள்” என்று கேட்பதில் இழிவில்லை. நாம் கேட்க வெட்கப்படும் ஒரு சொல்லுக்கு, ஏழைகள் ஒரு மாத உழைப்பை விலையாகக் கொடுக்க நேரும்.