வேடருக்கு மன்னிப்புக் கொடுத்தது யார்?

1983ல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தில் மகன் லூக்கைக் காப்பாற்றப் பேரரசரையே தூக்கி எறிந்தார் டார்த் வேடர். நாமும் கண் கலங்கி மன்னித்துவிட்டோம். பில் வந்தது 2005ல்தான்.

‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’தில் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பொடியன், வேடர் காப்பாற்ற வந்திருக்கிறார் என்று நம்பி எழுந்து வருகிறான். அவர் கையில் நீல ஒளிவாள் எரிகிறது. பையன் ஓரடி பின்வாங்குகிறான். வெட்டுவதைக் காட்டவில்லை, காட்டவும் வேண்டாம்.

கடைசி நேரத்தில் அவர் திருந்தியதை நம்புகிறேன். ஆனால் 1983 படத்தின் முடிவில் ஜெடை குருக்கள் யோடா, ஒபி-வான் பக்கத்தில் சிரித்தபடி நிற்க அவருக்கு இடம் கொடுத்தார்களே, அதுதான் இடிக்கிறது. (பெத்த பாசத்தைக் காட்டினால் நம்மாட்கள் எதையும் விட்டுவிடுவார்கள்!) லூக் மன்னிக்கலாம், அவன் இஷ்டம். மகள் லேயா? அவளைச் சித்திரவதை செய்தவர், அவள் கிரகம் வெடித்துச் சிதறியபோது தோளைப் பிடித்து நிறுத்தியவர். அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா?