உயரம் கேட்டுக் கொடுத்த ஹேண்டில்பார்

ரோடு பைக் எனும் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கேட்பது உயரம். ஐந்தரை அடி என்றால் ஒரு ஃபிரேம், ஆறடி என்றால் வேறொன்று. ஃபிரேமோடு ஹேண்டில்பாரும் சேர்ந்தே வந்துவிடும். சின்ன ஃபிரேமுக்குப் பெரும்பாலும் 40 சென்டிமீட்டர், நடுத்தரத்துக்கு 42, பெரியதற்கு 44. தோள் எவ்வளவு அகலம் என்று கேட்பவர் குறைவு. உயரமானவனுக்குத் தோளும் அகலம், குள்ளமானவனுக்குத் தோளும் சிறுசு என்று கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஆயுசில் பாதிக்கு மேல் காஞ்சிபுரத்தில் சட்டை தைத்தவன் நான். இந்தக் கணக்கு எத்தனை பேரிடம் பொய்க்கும் என்று என் இஞ்ச் டேப்புக்குத் தெரியும்.

சின்ன காஞ்சிபுரம் பக்கம் வந்து பாருங்கள். வைகாசி கருட சேவையில் வரதராஜப் பெருமாளைத் தோளில் ஏற்றி ஊர் முழுக்கக் கொண்டுபோகிறவர்களில் பலர் நடுத்தர உயரம்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் துண்டை மடித்துப் போட்டு, மரத்தண்டை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது அந்தத் தோளைப் பார்க்க வேண்டும்! ரெடிமேட் சட்டை எதுவும் அவர்களுக்குச் சரியாக வராது. தோளுக்கு எடுத்தால் நீளம் முழங்காலைத் தொடும். நீளத்துக்கு எடுத்தால் கைக்குழி இறுக்கும்.

அப்படிச் சுமக்கிற பையன் ஒருவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் சைக்கிளோடு கிளம்பி வாலாஜாபாத் சாலையில் போய்விட்டு வருவான். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ப்ரெவே சவாரிக்குப் பழகிக்கொண்டிருந்தான். பிடரியிலிருந்து தோள்பட்டை நடுவரை வலிக்கிறது, கை மரத்துப் போகிறது என்றான். "டெய்லர் தாத்தா, தோளை அளந்து சொல்லுங்க, பெருசா ஒரு பார் வாங்கணும்" என்று வந்து நின்றான்.

அளப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சட்டைக்கு நாங்கள் எடுக்கும் ஷோல்டர் அளவு முதுகின் வளைவோடு போகும். கழுத்துக்குக் கீழே மேடேறி இறங்கும். ஹேண்டில்பாரோ நேரான அளவு. சட்டையின் 18 அங்குலத்தை அப்படியே 46 சென்டிமீட்டர் என்று மாற்றி வாங்கினால் கை அகண்டுவிடும். அதைவிடப் பெரிய ஏமாற்று, சதை. சுமந்து சுமந்து புஜத்தில் உருண்டிருப்பது எலும்பல்ல. எந்தப் பாரத்தைத் தூக்கினாலும் வளர்ந்தவனின் எலும்பு அகலமாவதில்லை. கையைத் தொங்கவிட்டுத் தோளின் மேல்பக்கம் விரலால் தடவிக்கொண்டே வெளியே போனால், புஜம் சரியத் தொடங்குமுன் கெட்டியாக ஒரு முனை தட்டுப்படும். இரண்டு பக்கத்து முனைகளுக்கும் நடுவே உள்ள தூரமே அளவு. சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வைத்து, இரண்டு முனைக்கும் நேராகச் சாக்பீஸால் கோடு போட்டு, ஆளை நகர்த்திவிட்டுக் கோடுகளுக்கு நடுவே அளப்பேன். பையனைப் பார்த்தால் 50 இருக்கும் போலத் தோன்றும். எலும்புக்கு எலும்பு 43 தான் வந்தது. அவன் முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது. தோள் அகலத்தில் பெருமை இல்லாத ஆண்பிள்ளை யார்?

43 என்றால் 42 அல்லது 44. ஆனால் அவன் சைக்கிளில் இருந்தது 40. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில கம்பெனி குழாயின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கும். சில, வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு. குழாய்க் கனத்தால் இரண்டுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஓர அளவில் 44 என்று விற்பது மைய அளவில் 42-ஐத் தாண்டாது. கீழ்ப்பிடி விரிந்த மாதிரிகளில் மேலே ஓர் அகலம், கீழே ஓர் அகலம். கை அதிக நேரம் தங்குவது பிரேக் ஹூட், அதாவது பிரேக் லிவரை மூடிய பிடி மேல். அந்த இடத்து அளவைத்தான் கேட்க வேண்டும். பையனின் 40, அளந்து பார்த்தால், ஓர அளவு. உண்மையில் 38-ஐ ஒட்டிய பாரைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். வலிக்காமல் என்ன செய்யும்?

குறுகிய பாரில் அகன்ற தோள்காரனின் கை உள்ளே வளையும், தோள் காதை நோக்கி ஏறும், மணிக்கட்டு வெளியே மடியும். அளவுக்கு மீறி அகன்றாலும் சுகமில்லை. கை விரிய விரிய எட்டிப் பிடிக்கும் தூரம் கூடுகிறது. மார்பும் முன்கையும் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பாரை நன்றாக அகலமாக்கினால் அதை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்க வேண்டிவரலாம். எல்லா வலிக்கும் பாரே காரணம் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். சீட் மூக்கு கீழே சாய்ந்திருந்தாலும் கை மரத்துப் போகும். அதை முதலில் பாருங்கள், காசு செலவில்லை.

பையன் கைபேசியில் பந்தய வீரர்களைக் காட்டினான். அவர்கள் தோளைவிடக் குறுகிய பாரைப் பிடித்து, ஹூட்டையும் உள்ளே திருப்பி ஓட்டுகிறார்கள். காற்றைக் கிழிக்க அது உதவும். மணிக்கு 45 கிலோமீட்டரில் போகிறவனுக்கு அந்தச் சேமிப்பு பெரிது. லாரிக்கும் மாட்டுக்கும் ஒதுங்கி 25-ல் போகிறவனுக்கு வண்டி தடுமாறாமல் இருப்பதே பெரிது. அந்தப் போட்டி மோகம் எல்லை மீறியதால் உலக சைக்கிள் சங்கமான யு.சி.ஐ., 2026 ஜனவரி 1 முதல் ரோடு பந்தயங்களில் பாரின் வெளி அகலம் 40 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி போட்டது. ஒடுங்கிய தோளுள்ள பெண் வீராங்கனைகள் பக்கமிருந்து உடனே எதிர்ப்பு வந்தது. நியாயம்தான். எல்லாத் தோளுக்கும் ஒரே கோடு போட்டால் யாருக்காவது கைக்குழி இறுக்கத்தான் செய்யும்.

என் தகப்பனார் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி போட்டவர். சேலை அகலம் 48 அங்குலம். நெய்கிறவர் ஒல்லியோ பருமனோ, அது மாறாது. கோர்வைக் கரை நெய்ய ஒருவர் கை போதாமல் துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ளுவார். வாங்குகிறவர் கட்ட வேண்டிய துணி, அதனால் நெய்கிறவர் உடம்பு அதற்கு இசைந்து கொடுத்தது. சைக்கிளில் ஓட்டுகிறவனே வாங்குகிறவன். அங்கேயும் உடம்பை வளைத்துக்கொண்டு வலியைப் பழக்கம் என்று சொல்வானேன்?

கடைசியில் புது பார் வாங்கவே இல்லை. அவனோடு ஓட்டுகிற ஒருவன், ஆறடிக்கு மேல், ஈர்க்குச்சி மாதிரி. பெரிய ஃபிரேம் என்பதால் மைய அளவில் 44 பார் கொடுத்திருந்தார்கள். ஓட்டினால் கழுகு சிறகு விரித்த கதை. சுவரோடு நிற்க வைத்தால் எலும்புக்கு எலும்பு 39. இரண்டு வண்டியிலும் ஸ்டெம் தனி, பார் தனி. பிடிக்கும் இடம் 31.8 மில்லிமீட்டர்தான். ஒரே வார்ப்பாக வரும் புது மாதிரியாக இருந்திருந்தால் இந்த வேலை நடந்திருக்காது. காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் இரண்டையும் கழற்றி மாற்றிப் போட்டார். அகன்ற பாருக்கு முன் பிரேக் கேபிள் எட்டவில்லை, அதைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அது போக இரண்டு ஜோடி பார் டேப் செலவு. ஒல்லிப் பையன் கறுப்பு டேப் கேட்டான்; நம்மவன் அரக்கு நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான்.